கண் ஏன் திரும்பிப் போகிறது?

வாசகர் கேள்வி – பதில்

அச்சகத்தில் மெய்ப்பு பார்த்த 31 வருடங்களில் என் வாசிப்பு எப்படி மெதுவாகிப்போனது, ஓய்வுக்குப் பிறகு அதை எப்படிச் சரிசெய்துகொண்டேன் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். இந்த முறை ஐந்து கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

வணக்கம் அம்மா. குரூப் 4 தேர்வு இரண்டு முறை எழுதிவிட்டேன். இரண்டு முறையும் கடைசி முப்பது கேள்விகளைப் படிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. படிக்கும்போது என் வாய் அசைகிறது என்று தோழிகள் சொல்கிறார்கள். ஒரு வரியை இரண்டு மூன்று தடவை படித்தால்தான் மனதில் நிற்கிறது. நிமிடத்துக்கு ஆயிரம் வார்த்தை படிக்கப் பழக்கிவிடுவதாக ஒரு ஆன்லைன் வகுப்பு விளம்பரம் பார்த்தேன். ஆறாயிரம் ரூபாய். சேரலாமா?
– போட்டித் தேர்வுக்குத் தயாராகும் வாசகி, சங்கரன்கோவில்

வேண்டாம் மகளே. அந்தப் பணத்தை வைத்துக்கொள். அதில் கொஞ்சத்துக்குப் பழைய வினாத்தாள் தொகுப்பு வாங்கிக்கொள், போதும்.

ஆயிரம் வார்த்தை என்ற பேச்சு புதிதல்ல. 1959-ல் அமெரிக்காவில் ஈவ்லின் வுட் என்ற ஆசிரியை வேக வாசிப்பு வகுப்பு தொடங்கினார். கென்னடி காலத்தில் வெள்ளை மாளிகை ஊழியர்கள்கூட அந்த வகுப்புக்குப் போனார்கள். ஆனால் கண் அசைவைக் கருவி வைத்து அளந்து பல வருடம் ஆராய்ந்த கீத் ரெய்னரும் அவருடைய சகாக்களும் 2016-ல் வெளியான கட்டுரையில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: வேகத்தை அந்த அளவுக்குக் கூட்டினால் புரிதல் குறையும். பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்க் பிரிஸ்பேர்ட் 2019-ல் 190 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார். ஆங்கிலத்தில் கட்டுரை வகை எழுத்தை மௌனமாகப் படிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள், கதைக்கு 260. ஆயிரம் எங்கே இருக்கிறது பார்.

அந்த 238-ஐயும் தமிழுக்கு எடுத்துவைத்துப் பயப்படாதே. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அது நாலைந்து சொல்லாகப் பிரிந்துவிடும். தமிழில் வார்த்தைக் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும். வேகத்தை அளக்க வேண்டுமானால் ஒரே புத்தகத்தில் பத்து நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று பார். உன் நேற்றைய கணக்கோடு மட்டும் ஒப்பிடு.

சரி, உன் நோய்க்கு வருகிறேன். நீ வாய் அசைவதை முதலில் எழுதியிருக்கிறாய். எனக்கு இரண்டாவதாக எழுதியதுதான் பெரிதாகப் படுகிறது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது.

நன்னூலில் சூத்திர நிலை, அதாவது சூத்திரங்கள் அடுத்தடுத்து அமையும் விதம், நான்கு படித்திருப்பாய்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. வாசிக்கும்போது நம் கண் ஆறு போல ஒழுகுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தவளை. ஒரு இடத்தில் கால் நொடி போல நிற்கும், அப்புறம் ஏழெட்டு எழுத்து தாவும், மறுபடி நிற்கும். நிற்கும்போதுதான் படிக்கிறது. தாவும்போது எதையும் பார்ப்பதில்லை. மெதுவாகப் படிக்கிறவர்களிடம் இந்தத் தவளையோடு அரிமா நோக்கமும் சேர்ந்துவிடுகிறது. சிங்கம் நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது போல, இரண்டு தாவல் முன்னால், ஒரு தாவல் பின்னால்.

நன்றாகப் படிக்கிறவர்களின் கண்ணும் நூறு தாவலில் பத்துப் பதினைந்து முறை பின்னால் போகும். அது தேவைக்குப் போவது. ஒரு சொல் புரியவில்லை, வாக்கியம் எதிர்பார்க்காத பக்கம் திரும்பிவிட்டது, அதனால் போகிறது. நம் போன்றவர்கள் போவது நம்பிக்கை இல்லாமல். புரிந்துதான் இருக்கும், ஆனாலும் ‘சரியாகத்தான் படித்தோமா?’ என்று கண் திரும்பும்.

‘நம் போன்றவர்கள்’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1983-ல் நான் சென்னையில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தேன். ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, பத்தி எல்லாவற்றையும் வாயால் சொல்வார். நான் கேலி புரூஃபில், அதாவது பக்கம் பிரிக்காத முதல் அச்சுப்படியில், எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டு வருவேன். ர, ற சரியா, ஒற்று மிகுமா, ‘அவன்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அவள்’ வந்திருக்கிறதா. பார்த்த வரியை மறுபடி பார்க்காமல் விட்டால் பிழை தப்பிவிடும். ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம், ஒரு நாளைக்கு இரண்டு ஃபாரம். அந்த வேலைக்கு அந்தக் கண்தான் சரி. ஆனால் வீட்டுக்கு வந்து நாவலைத் திறந்தாலும் அதே கண்தான். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். முடிக்கும்போது கதை மறந்திருக்கும், எங்கே ஒற்றுப்பிழை இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கும். எனக்கு அது பெரிய துக்கம். படிக்கும் ஆசையால்தான் அந்த வேலைக்கே போனேன்.

உனக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடு. ஒரு பழைய செய்தித்தாளை எடு. எழுத்து நிறைந்த பக்கத்தின் நடுவில் பேனா முனையால் ஒரு சின்ன ஓட்டை போடு. நீ அந்தப் பக்கத்தைப் படி. எதிரில் உட்கார்ந்து, பக்கத்தின் மறுபுறத்திலிருந்து ஓட்டை வழியாக உன் கண்ணைத் தோழி பார்க்கட்டும். கண் ஒரு திசையில் விட்டுவிட்டுத் துள்ளுவதும், வரி முடிந்ததும் ஒரே இழுப்பில் திரும்புவதும் தெரியும். வரியின் நடுவிலேயே எத்தனை தடவை பின்னால் போகிறாய் என்று அவள் எண்ணிச் சொல்லட்டும். நான் என் அக்கா மகளை உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன். பத்து வரிக்கு முப்பது முறைக்கு மேல் போனதாக அவள் சொன்னாள்.

இதை மாற்ற எனக்கு உதவியது ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டை. அதை வரிக்கு மேலே வை. கீழே இல்லை, மேலே. நிறையப் பேர் படிக்கப்போகும் வரியை மறைத்துக்கொள்கிறார்கள், அதில் பயனில்லை. படித்து முடித்த வரியைத்தான் மூட வேண்டும். ஒரு வரி முடிந்ததும் அட்டையைக் கீழே இறக்கு. திரும்பிப் போக வழியே இருக்காது. முதல் இரண்டு மூன்று நாள் மனசு படபடக்கும். எதுவுமே புரியாதது போலத் தோன்றும். பொறுத்துக்கொள். ‘இந்த ஒரு தடவைதான்’ என்று தெரிந்துவிட்டால் மனசு முதல் தடவையிலேயே கவனிக்க ஆரம்பிக்கும். திரும்பிப் போகலாம் என்ற வசதி இருப்பதால்தான் அது முதல் தடவை அலட்சியமாக இருக்கிறது.

தினமும் இருபது நிமிடம் போதும். தேர்வுப் பாடத்தில் தொடங்காதே. சிறுகதை, பேட்டி, எளிய கட்டுரை, இப்படி லேசானதை எடுத்துக்கொள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, என்ன படித்தாய் என்று இரண்டு வாக்கியம் வாய்விட்டுச் சொல். சொல்ல முடியவில்லை என்றால் அட்டையை வேகமாக இறக்குகிறாய் என்று அர்த்தம். இரண்டு மாதத்தில் நான் பத்து நிமிடத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்து மூன்று பக்கத்துக்கு வந்தேன். அதற்கு மேல் பெரிதாக ஏறவில்லை. அதுவே எனக்கு ஒரு புது வாழ்க்கை.

வாய் அசைவதற்கு, படிக்கும்போது விரலை உதட்டின் மேல் வைத்துக்கொள். அசைந்தால் உனக்கே தெரிந்துவிடும். உதடு அசையும் வரை பேசும் வேகத்தைத் தாண்டிப் படிக்க முடியாது, அதனால் அதை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் உள்ளே ஒரு குரல் வாசிக்கிறதே, அதை அடக்கப் போராடாதே. விளம்பர வகுப்புகள் அதைத்தான் முதல் எதிரி என்கின்றன. அந்தக் குரலைத் தடுத்துச் சோதித்தபோது, கொஞ்சம் சிக்கலான வாக்கியங்களின் புரிதல் குறைந்தது. அது கூடவே வரட்டும்.

தேர்வைப் பற்றித் தனியாக ஒன்று. 200 கேள்வி, 180 நிமிடம். ஒரு கேள்விக்கு 54 நொடி. கணக்குக் கேள்வி 25 இருக்கிறது, அதற்கு நேரம் கூடுதலாக வேண்டும். பொது அறிவுக் கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகி இருக்கும். நிறையப் பிள்ளைகள் தமிழில் படித்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஆங்கிலத்தையும் படித்து, மறுபடி தமிழுக்கு வருகிறார்கள். இதுவும் திரும்பிப் போகிற அதே பழக்கம்தான். ஒரு மொழியைப் பிடித்துக்கொள். கலைச்சொல் குழப்பினால் மட்டும் மற்றதைப் பார். கூற்று–காரணம் கேள்வியில் கடைசி வரியை முதலில் படி. ‘தவறானது எது’ என்று கேட்டிருக்கிறார்களா, ‘சரியானது எது’ என்று கேட்டிருக்கிறார்களா என்பது தெரிந்துவிட்டால் கூற்றுகளை ஒரு தடவை படித்தால் போதும். பொருத்துக வகையில் கண் முன்னும் பின்னும் போகத்தான் வேண்டும், அங்கே அட்டைப் பழக்கத்தைக் கொண்டுவராதே.

இன்னும் ஒன்று. பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் படி. ‘பின்வருவனவற்றுள்’, ‘கீழ்க்கண்ட கூற்றுகளை ஆராய்க’ இதையெல்லாம் நூறு தடவை பார்த்துவிட்டால் கண் அங்கே நிற்காது. பழகிய சொல்லில் கண் குறைவாக நிற்கும். வேகம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

*

வயது 58. கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாவலை இரண்டு நாளில் முடிப்பேன். இப்போது ஓய்வு பெற்று, ஆசையாக அலமாரி நிறையப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். படித்த வரியையே மறுபடி படிக்கிறேன், சில சமயம் ஒரு வரி தாவிவிடுகிறது. மூளை மந்தமாகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.
– வாசகர், கும்பகோணம்

ஐயா, அந்தக் கவலை அப்புறம். கடைசியாகக் கண்ணைச் சோதித்தது எப்போது?

நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் சாளேஸ்வரம், அதாவது கிட்டத்து எழுத்து மங்குவது, வருகிறது. அறுபது வரை அது மாறிக்கொண்டே இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் போட்ட கண்ணாடி இப்போது போதாமல் இருக்கலாம். எழுத்து லேசாக மங்கினால் கண் ஒவ்வொரு சொல்லிலும் கூடுதலாக நிற்கும், சந்தேகத்தில் திரும்பவும் போகும். கண்புரை தொடங்கியிருந்தாலும் அப்படித்தான். சர்க்கரை ஏறி இறங்கினால் பார்வையும் சேர்ந்து மாறும். அதனால் மருத்துவரிடம் ‘படிக்கும்போது வரி தாவுகிறது’ என்று இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

புரோகிரஸிவ் கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? அதில் படிப்பதற்கான பகுதி கீழே, நடுவில், குறுகலாக இருக்கும். அகலமான பக்கத்தைப் படிக்கும்போது வரியின் இரண்டு ஓரமும் மங்கும். அப்போது தலையையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருக்கும். வாசிப்புக்கென்று தனியாக ஒரு கண்ணாடி செய்துகொள்வது நல்லது. எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. விளக்கு உங்களுக்குப் பின்னால், தோளுக்கு மேலிருந்து பக்கத்தில் விழட்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தொடர்ந்தால், மேலே சங்கரன்கோவில் பெண்ணுக்குச் சொன்ன அட்டை உங்களுக்கும் உதவும். படிக்கும்போது கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும் ஐயா. ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு வந்தால் பத்தியின் தொடக்கத்துக்குப் போகாமல் தீராது.

*

என் மகன் நான்காம் வகுப்பு. விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, சத்தமாகத்தான் படிக்கிறான். இந்தக் கெட்ட பழக்கத்தை இப்போதே நிறுத்தாவிட்டால் வேகம் வராது என்கிறார்கள். விரலை எடுத்தால் அழுகிறான். என்ன செய்வது அக்கா?
– ஒரு தாய், பெருந்துறை

தயவுசெய்து விரலை எடுக்காதே தங்கச்சி. பெரியவர்களுக்குச் சொல்வதைக் குழந்தைகளுக்குச் சொல்லவே கூடாது. அவனுக்கு விரல் கெட்ட பழக்கம் இல்லை, கைத்தடி. நடக்கத் தெரிந்ததும் தானே விட்டுவிடுவான்.

தமிழ் எழுத்தில் குழந்தை செய்கிற வேலை எவ்வளவு என்று யோசித்துப் பார். ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. ‘கோ’வில் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் எழுத்து. ‘கௌ’வும் ‘கெள’வும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். கொம்பைப் பார்த்து, அதை மனதில் பிடித்துக்கொண்டு, எழுத்தைப் பார்த்து, திரும்பி வந்து சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தையின் கண் திரும்பித்தான் போகும்.

ஒரே கதையை மூன்று நாள் படிக்கச் சொல். முதல் நாள் நீ சத்தமாகப் படி, அவன் விரல் வைத்துக் கூடவே வரட்டும். இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்து. மூன்றாம் நாள் அவன் தனியாக. மூன்றாம் நாள் அவன் குரலிலேயே வித்தியாசம் தெரியும். அந்தச் சந்தோஷம்தான் அடுத்த கதையை எடுக்கவைக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனி. கேட்டுப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரனாக இருந்து, எழுத்தில் மட்டும் தொடர்ந்து திணறினால், பழகிய எழுத்துகளையே மாற்றி மாற்றிச் சொன்னால், அது டிஸ்லெக்ஸியாவா, அதாவது வாசிப்பதில் வரும் குறைபாடா, என்று சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இதற்கென்றே இருக்கிறது. உங்கள் பக்கத்து மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடமும் கேட்கலாம். அடித்துத் திருத்தும் விஷயம் இல்லை இது.

*

தமிழ்வழியில் படித்துவிட்டு இப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு. தமிழ் வேகமாகப் படிப்பேன். ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது. வாக்கியத்தின் முடிவுக்கு வந்தால் ஆரம்பம் மறந்துவிடுகிறது.
– மாணவர், கோவை

தம்பி, உன் கண்ணில் கோளாறு இல்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும், விவரிக்கப்படும் பெயர்ச்சொல்லும் விவரத்துக்குப் பிறகுதான் வரும். ‘நேற்று ஆய்வகத்தில் நாங்கள் செய்த சோதனை’ என்பதில் விவரமெல்லாம் முதலில் வந்து, சோதனை கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் சோதனை முதலில் வந்துவிடும், விவரம் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும். நீ கடைசி வரை காத்திருந்து பொருள் கொள்ளப் பழகியவன். அங்கே போய்ப் பார்த்தால் முக்கியமானது ஆரம்பத்திலேயே போய்விட்டது, அதனால் திரும்புகிறாய். ஆங்கில வாக்கியத்தில் முதல் நாலைந்து சொல்லில் யார், என்ன செய்கிறது என்று பிடித்துவிடு. மீதி அதற்கான விளக்கம்.

மனதுக்குள் தமிழாக்கம் செய்துகொண்டே படிக்காதே. அகராதியைப் பக்கம் முடிந்ததும் பார், நடுவில் வேண்டாம். ஒரு பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்கள் நாற்பது ஐம்பதுதான் இருக்கும். அவற்றை முதலில் எழுதிப் படித்துவிட்டு அத்தியாயத்தைத் திற. உட்தலைப்புகளையும் படங்களையும் பார்த்துவிட்டு உள்ளே போ. ஒரு பருவம் இப்படிப் படித்தால் அரை மணி பாதியாகும்.

*

என் அம்மா அறுபதுகளில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். என் பேத்திக்கு அவற்றைப் படிக்க ஆசை. ஆனால் அந்தக் கால ‘லை’, ‘னை’, ‘றா’ எல்லாம் அவளைத் தடுமாறவைக்கின்றன. பக்கத்துக்குப் பத்து இடத்தில் நிற்கிறாள். வழி உண்டா?
– பாட்டி ஒருவர், மயிலாப்பூர்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தப் பழைய தாளின் வாசனையே வந்துவிட்டது.

1978-ல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. மாறியவை மொத்தம் 13 எழுத்துகள்தான்: ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை. ஆகாரத்தில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து சுழிந்திருக்கும், ஒகரமும் ஓகாரமும் அதே சுழியோடு முன்னால் கொம்பு. ஐகாரத்தில் எழுத்துக்கு முன்பக்கமாகத் தும்பிக்கை போல ஒரு வளைவு. நான் அச்சகத்தில் சேர்ந்தபோதுகூடப் பழைய ‘லை’ அச்சுகள் பெட்டியில் கிடந்தன. அச்சுக்கோப்பவர் கை பழக்கத்தில் அதையே எடுத்துவிடும், நான் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன்.

பேத்திக்கு வேகத்தில் குறையில்லை அம்மா. பார்த்திராத உருவத்தில் எந்தக் கண்ணும் நிற்கும். ஒரு அஞ்சலட்டை அளவு தாளில் அந்தப் பதின்மூன்றையும் நீங்களே பழைய வடிவத்தில் எழுதி, பக்கத்தில் இன்றைய வடிவத்தையும் எழுதுங்கள். உங்கள் கைக்கு இன்னும் மறந்திருக்காது. அதையே அவள் பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளட்டும். முதல் அத்தியாயத்தில் அடிக்கடி எடுத்துப் பார்ப்பாள். மூன்றாவது அத்தியாயத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவாள். அப்போது அந்த அட்டையை நீங்கள் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.